நாலு வருது, அஞ்சு வரல

எங்கள் கம்பெனி எலெக்ட்ரீஷியனை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிடுவோம். ஆள் உயரம், கழுத்து நீளம், பேச்சு கிடையாது. ரோபோ நின்றுவிட்டால் அதன் கைக்குக் கீழே கழுத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்பான். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. வாழ்க்கையில் அவன் செய்ததை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கு அடுத்த ரோபோவை ஓட்டியவள் அவனுடைய தங்கை. தாய் தகப்பன் போனபின் அவளைப் படிக்கவைத்ததும், இதே கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவன்தான். அவள் ஒரு லாரி டிரைவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன். கொக்குக்கே அவன்மேல் ஒரு குறையும் சொல்லத் தெரியவில்லை. தன்னைக் கேட்காமல் முடிவு செய்தாள் என்பது ஒன்றுதான் குற்றம். "இனிமே உன்கூட பேசினா ஏன்னு கேளு" என்று கோபத்தில் சொல்லிவிட்டான். கோபத்தில் யார்தான் என்ன சொல்லவில்லை? நானெல்லாம் என் வீட்டுக்காரரை வாரம் ஒருமுறை தலைமுழுகுகிறேன். ஆனால் இவனுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அப்படியும் அவர்கள் பேச வேண்டி வந்தது. காரணம், அந்த ரோபோவின் ஒயர்.

அது இரும்புத் தகட்டைக் கவ்வி எடுத்து வெல்டிங் மேடையில் வைக்கும். சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று பார்க்க அதன் விரல்களில் சென்சார்கள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர் கிளம்பி, எல்லாம் ஒரே கட்டாகக் கை நெடுக ஓடும். நாள் முழுக்க மணிக்கட்டு முறுக்கித் திரும்பினால் எந்த ஒயர் தாங்கும்? வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். எது அறுந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். வேலிக்குள் கொக்கு ஒரு துண்டுத் தகட்டை ஒவ்வொரு சென்சாருக்கும் காட்டுவான். தங்கை பெண்டன்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரோபோவைக் கையால் இயக்கும் பலகை அது. அதன் பின்னால் இருக்கும் சுவிட்சைப் பாதி அழுத்தியபடியே இருந்தால்தான் ரோபோ அசையும். விட்டாலும் நிற்கும், பதறிப்போய் இறுக்கினாலும் நிற்கும்.

"மூணு?"

"வருது."

"நாலு?"

"வருது."

"அஞ்சு?"

"வரல. மணிக்கட்டைத் திருப்பினா வருது, நேரா வெச்சா போயிடுது."

அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஒயர் அறுந்தால் கம்பெனியே திட்டும். நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். ஒருநாள் ரோபோவின் கை இறங்கும்போது அவன் கவனிக்காமல் நின்றான். "அண்ணா, தலையை எடு!" என்று அவள் அலறி, சுவிட்சை விட்டாள். "சரி, சரி. ஒண்ணும் ஆகல, விடு" என்றான் அவன். குரல் அப்படியே இளகிவிட்டது. இதோ ஒட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து, "அஞ்சு?" என்றான் கடங்காரன்.

பிறகுதான் ஒயர் இல்லாத ஏற்பாட்டை அவன் பிடித்துக்கொண்டான். விரல்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. எல்லா சென்சாரும் அதில் வந்து சேரும். அங்கிருந்து சிக்னல் ரேடியோ அலையில் கண்ட்ரோல் பெட்டிக்குப் போய்விடும். கரண்ட்டுக்கு மட்டும் ஒரு தடித்த ஒயர் மிஞ்சும், அது லேசில் அறுந்துபோகாது.

சூப்பர்வைசர் சிரித்தார். "எங்க வீட்டுல வைஃபை ஹாலைத் தாண்டி சமையலறைக்கு வரமாட்டேங்குது. நீ வெல்டிங் நெருப்புக்கு நடுவுல சிக்னல் அனுப்பப் போறியா?"

கொக்கு விடவில்லை. நச்சரித்துப் பெட்டியை வாங்கவைத்தான். சிக்னல் எங்கே விட்டுப்போகிறது என்று பார்த்துப் பார்த்து ஆன்டெனாவை இடம் மாற்றினான். சாப்பாட்டு நேரத்திலும் அங்கேயே கிடந்தான். கடைசியில் ஒயர்க்கட்டைக் கழற்றியபோது எல்லோரும் கைதட்டினோம். அதற்குப் பிறகு அந்த ரோபோ மக்கர் செய்யவே இல்லை.

தங்கை என் பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "பாத்தீங்களாக்கா? நம்பர் சொல்ற அளவுக்குக்கூட என் குரல் அவனுக்குப் பிடிக்கல."

அன்றைக்கே வண்டி நிறுத்துமிடத்தில் அவனை மடக்கிப் பிடித்து அதைச் சொன்னேன். அவனுக்கு முகம் செத்துவிட்டது.

"அவ மாசமா இருக்காக்கா."

"உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? வெல்டிங் புகை வந்தா மூக்கைப் பொத்திக்கிறா. பெண்டன்ட்டோட நிக்க முடியாம வேலியில சாயறா. அந்த சுவிட்சை அழுத்திக்கிட்டு எவ்வளவு நேரம்தான் நிப்பா? அதான் ஒயரையே எடுத்துட்டேன்."

"அட மடையா, இதைப் போய் அவகிட்ட சொல்லு!"

"சொல்றேன். குழந்தை பொறக்கட்டும்."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம்க்கா. நான்தான் சொல்லணும்."

அவன் வேண்டாம் என்றதை நான் எங்கே கேட்டேன்? மறுநாளே அவளிடம் சொல்லிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவளும் அதே ரத்தம்தானே. "அவனுக்கு வாய் இருக்குல்லக்கா? அவனே சொல்லட்டும், நம்பறேன்" என்றாள்.

குழந்தை பிறந்தது. கொக்கு போகவில்லை. இப்போது போனால் குழந்தையைப் பார்க்கத்தான் வந்தான் என்று நினைப்பாளாம். அவள் வேலைக்குத் திரும்பியதும் பேசுகிறேன் என்றான். அவள் திரும்பவே இல்லை. புருஷனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடிபோய்விட்டார்கள். புது இடம், கொஞ்சம் பழகட்டும் என்றான். சாக்குக்கா பஞ்சம்? பழுதே ஆகாத அந்த ரோபோவின் முன்னால் போய் நின்றுவிட்டு வருவான். அந்த ஒயர் இன்னும் கொஞ்ச காலம் அறுந்துகொண்டே இருந்திருக்கலாம்.

குழந்தை பேச ஆரம்பித்து, பள்ளிக்கூடம் போகவும் ஆரம்பித்தபின் ஒருநாள் நானே அவனை இழுத்துக்கொண்டு போனேன். மாடி வீடு. கதவைத் திறந்ததும் தங்கை "அக்கா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அவனைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க" என்றாள். அண்ணனை வா, போ என்று கூப்பிட்டு வளர்ந்தவள்.

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். டீ ஆறியது. வழியெல்லாம் அவன் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை நான் பார்த்திருந்தேன்.

"அந்த ஒயர்... நீ நிக்கக் கூடாதுன்னுதான்..."

"தெரியும். அக்கா அப்பவே சொன்னாங்க." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். "நீங்க வந்து சொல்வீங்கன்னு ரொம்ப நாள் பாத்துட்டிருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

உள்ளே விளையாடிக்கொண்டிருந்த மகள் வந்து அம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரும்மா இவங்க?"

மாமா என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிடு தாயே என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"அம்மா வேலை பாத்த கம்பெனியில எலெக்ட்ரீஷியன்" என்றாள் அவள்.

கொக்கு தலையைக் குனிந்தான். பிறகு நிமிர்ந்து, "ஆமாம்மா. வீட்டுல ஏதாவது ரிப்பேர் இருக்கா?" என்று குழந்தையைக் கேட்டான்.

"ஃபேன் சத்தம் போடுது" என்றாள் மகள்.

அவன் எழுந்து, நாற்காலியை ஃபேனுக்குக் கீழே நகர்த்திப் போட்டு, செருப்பில்லாத காலை ஒருமுறை துடைத்துக்கொண்டு ஏறினான்.