முப்பது சுற்றுமுண்டு தைக்கத் திருவனந்தபுரம் போனேன்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. மார்ச்சில், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் உள்ள ஒரு சிறிய தையல் கூடத்தில் சுரிதார்மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் ஆறு சுற்றுமுண்டுகள் தைத்து வாங்கினேன்.
2. ஏப்ரல் கடைசியில், உடுத்திப் பார்க்கச் சொல்லி அந்த ஆறையும் அதே ஊரில், தோழி காயத்ரி குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில், நானும் அவளும் ஆறு பெண்களிடம் கொடுத்தோம்.
3. மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, அவற்றைத் திரும்ப வாங்கப் போனேன்.
4. ஆறு பேரும் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டிருந்தார்கள்.
5. ஐந்து முண்டுகளின் மூலையில் மஞ்சள் இருந்தது.
6. மதிப்பெண்களை ஒதுக்கிவிட்டு மஞ்சளைப் பார்த்து முடிவெடுத்தேன்.

நான் திருப்பூரில் ஒரு சாயச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். துணி வெளுக்கிறதா, சுருங்குகிறதா, சாயம் விடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. சொந்தமாக ஓர் உடுப்பு செய்து, அதில் சொந்தமாக ஒரு பெயர்ச்சீட்டு வைத்துத் தைத்து விற்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெயர்கூட முடிவாகிவிட்டது: 'ஒரு முடிச்சு'. ஆனால் திருப்பூரில் எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி, "எத்தனை பீஸுங்க?" என்பதுதான். முப்பது என்றேன். சிலர் சிரித்தார்கள். சிலர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்கள். ஐந்நூறுக்குக் கீழே மேஜையில் துணி விரிக்க யாரும் தயாராக இல்லை.

யோசனை வந்தது திருவனந்தபுரத்தில். பத்மநாபசுவாமி கோவிலுக்குள் பெண்கள் சுரிதாரோடு போக முடியாது. மேலே ஒரு முண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். போன வருடம் கல்லூரித் தோழி காயத்ரியைப் பார்க்கப் போனபோது, வாசல் கடையில் ஒரு முண்டு வாங்கிச் சுற்றிக்கொண்டு போனேன். அது நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கை இடுப்பிலேயே இருந்ததால் இரு கை கூப்பிக் கும்பிட முடியவில்லை. திரும்பும் ரயிலில் ஒரு படம் வரைந்தேன்: இரண்டு மீட்டர் துணி, இடுப்பில் நாடா, பக்கவாட்டில் ஒரே முடிச்சு, உள்ளே பொருள் வைப்பறைச் சீட்டு வைக்க ஒரு சின்னப் பை.

சாலைக் கடைத்தெருவில் செல்வி அக்கா கிடைத்தார். தென்காசிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். இரும்புக் கடை மாடியில் நான்கு தையல் மெஷின் வைத்திருக்கிறார். எத்தனை பீஸ் என்று அவர் கேட்கவில்லை. "துணி கொண்டு வா மோளே, பாக்கலாம்" என்றார். ஆனால் திங்கட்கிழமை முதல் பள்ளிச் சீருடை வேலை தொடங்கிவிடும். அதற்குப் பின் ஓணம். சனிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் அந்த மெஷின்கள் எனக்கு நான்கு மாதத்துக்குக் கிடைக்காது.

எனக்கு நானே ஒரு விதி எழுதிக்கொண்டேன். ஆறில் நான்கு பேர் உண்மையாகவே உடுத்தியிருந்தால் முப்பது தைக்கலாம். இல்லையென்றால் இந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இரண்டு வருடம் போதும்.

வியாழன், காலை 6.10

பரவூர்க் காயலைத் தாண்டும்போது விழித்துக்கொண்டேன். ஜன்னலில் தண்ணீர், தென்னை, தண்ணீர், ஒரு தோணி, மறுபடி தண்ணீர். எது காயல், எது வானம் என்று பிரிக்க முடியாத சாம்பல் வெளிச்சம். மீதி ஒரு மணி நேரமும் முழுதாக விழிக்காமலே கழிந்தது. தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஸ்ரீவராகத்துக்கு இரண்டரைக் கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

"அம்பலத்துக்கா?" என்றார் ஓட்டுநர்.

"கோவிலுக்கு இல்ல சேட்டா, ஸ்ரீவராகம்."

"ஆ, அப்ப சரி. சுரிதார்ல உள்ள விடமாட்டாங்க, கேட்டோ. முண்டு கெட்டணும்."

"தெரியும். முண்டு விஷயமாத்தான் திருப்பூர்லேர்ந்து வந்திருக்கேன்."

"திருப்பூர்லேர்ந்து முண்டு கெட்டவா வந்தே?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுல பனியன் வாங்கணும்னா திருப்பூருக்குப் போகணும்பாங்க. நல்ல ஆளு!"

காயத்ரி கழக்கூட்டம் என்ற புறநகருக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, முண்டுகளைக் கட்டில்மேல் அடுக்கினார். ஒவ்வொன்றின் மேலும் நான் கொடுத்திருந்த கேள்வித்தாள். ஆறிலும் எல்லாக் கேள்விக்கும் பத்து.

"எல்லாருமே பத்துக்குப் பத்தா, மாமி?"

"பின்னே? காயத்ரியோட சினேகிதி பண்ணினதுக்கு ஏழு போடச் சொல்றயா? நாளைக்கு நீ மூஞ்சிய தூக்கி வெச்சிண்டா யாருக்கு நன்னாருக்கு?"

முதல் முண்டைப் பிரித்தேன். மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள். இரண்டாவதிலும் இருந்தது.

"இது என்ன மாமி?"

"என்னன்னா கேக்கறே? புதுத் துணியாச்சேடி. மஞ்சள் தொடாம உடுத்திக்க முடியுமோ?"

"கறை படாமத் திருப்பித் தரணும்னு சீட்டுல எழுதியிருந்தேனே."

"கறையா! மஞ்சளைப் போய்க் கறைங்கறாளே இவ."

"அம்மா, நீ அவ சாம்பிளுக்கெல்லாம் நிச்சயதார்த்தம் பண்ணி வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டுக் காயத்ரி ஓடிவிட்டாள்.

குற்றம் என்னுடையதுதான். எங்கள் வீட்டிலும் தீபாவளித் துணிக்கு இப்படித்தான் மஞ்சள் வைப்போம். அந்தச் சீட்டைச் சோதனைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதியபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. முண்டுகள் பிடிக்காதவர்களிடமிருந்து திரும்ப வந்தால் துவைத்துத் தேய்த்து விற்கலாம் என்று வைத்திருந்தேன். அது போயிற்று.

மாமி குளிக்கப் போனார். ஆறையும் ஜன்னலோரம் விரித்து, வேலையில் செய்வதைப் போலவே பார்க்கத் தொடங்கினேன். மஞ்சள் நிலைக்காத சாயம். சோப்பும் வெயிலும் பட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். இரண்டு முண்டுகளில் அது வைத்த அன்றுபோல் பளிச்சென்று இருந்தது. அவற்றை ஒரு தடவை உடுத்தி மடித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றில் பாதி போயிருந்தது. இரண்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: எலுமிச்சைத் தோலின் உட்புறம்போல் ஒரு வெளிறல். நாடாவும் துவண்டு மிருதுவாகியிருந்தது. எட்டுப் பத்து முறையாவது துவைத்திருப்பார்கள். ஆறாவதில் மஞ்சளே இல்லை. வாங்கியவர் மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போய்விட்டாராம். கேள்வித்தாளுக்கு மட்டும் போனிலேயே பதில் சொல்லியிருந்தார்.

தாராளமாகக் கணக்கிட்டாலும் மூன்றுதான். நான்கு இல்லை.

வியாழன், மாலை 5.15

யாரும் உடுத்தாத அந்த ஆறாவது முண்டைச் சுரிதார்மேல் கட்டிக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு, பத்மநாபசுவாமி கோவிலுக்கு நடந்தேன். வாசலில் இருந்த காவலர் ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே விட்டார். முடிச்சு நழுவவில்லை. நீண்ட கல் பிராகாரத்தில் வரிசை மெல்ல நகர்ந்தது. எண்ணெய் விளக்குகள், ஈரக் கல்லின் குளிர்ச்சி, எங்கிருந்தோ செண்டை ஒலி. முன்னால் போகிறவர்களின் வெள்ளை முண்டுகள் இருட்டில் தாமாகவே நகர்வதுபோல் இருந்தன. மூன்று வாசல் வழியாகப் பெருமாளைப் பார்த்தபோது இரண்டு கையும் கூப்பினேன்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தபின்தான் எதிரே இருந்தது கண்ணில் பட்டது. உள்ளூர்ப் பெண்கள் எல்லாரும் புடவையிலோ, இரண்டு துண்டாக உடுத்தும் செட்டு முண்டிலோ வந்திருந்தார்கள். அவர்களுக்கு என் முண்டு வேண்டாம். வெளியூர்ப் பெண்கள் கடையில் ஒன்று வாங்கி, ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டு, அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். என் முண்டின் விலை கடை முண்டைப்போல் இரண்டரை மடங்கு. வருடத்தில் ஒரு மணி நேரத்துக்காக அதை யார் வாங்குவார்கள்?

விதியும் இதையே சொன்னது. எழுந்து நடந்தேன். அழவில்லை. ஆனால் ஸ்ரீவராகம் போகும் தெருவில் எங்கே திரும்புவது என்று இரண்டு முறை தவறிவிட்டேன்.

வெள்ளி, காலை 5.50

தூக்கம் வரவில்லை என்பதால் வாசலுக்கு வந்தேன். மெல்லிய தூறல். தெருவின் இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. தெருக்கோடியில் பால் வண்டி மணி கேட்டது. கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

மூன்றாவது வீட்டிலிருந்து என் முண்டு வெளியே வந்தது.

அப்படித்தான் பார்த்தேன், ஆளை அப்புறம்தான் பார்த்தேன். வெளிறிய வெள்ளை, பக்கவாட்டில் ஒரே முடிச்சு. நான் ரயிலில் வரைந்த கோடு, இங்கே ஒரு தெருவில், தூறலில், பால் பாத்திரத்தோடு நடந்துகொண்டிருந்தது. முண்டுக்கு உள்ளே ஒரு பூப்போட்ட நைட்டி. அந்த அம்மாள் பால் வாங்கினார், கீரைக்காரியை நிறுத்திப் பேரம் பேசினார், உள்ளே போனார். எனக்குத் தெரியாத ஒருவர் நான் செய்ததை நினைப்பே இல்லாமல் உடுத்திக்கொண்டு போகிறார்.

அவர் ராஜம் மாமி. ஆறு மணிக்கே நானும் காயத்ரியின் அம்மாவும் அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். முந்தாநாள்தான் காயத்ரியின் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தவர் இன்று எப்படி உடுத்தினார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

"நேத்து ராத்திரி நான்தான் மறுபடி கேட்டு வாங்கிண்டேன்" என்றார் அவர். "நீ கோவிச்சுக்காதே. காலம்பற நைட்டியோட வாசலுக்கு வர முடியறதோ? இத்தனை நாள் இடுப்பில ஒரு துண்டைச் சுத்திண்டு வருவேன். இது ஒரு இழு, ஒரு முடிச்சு. ஆச்சு."

"கோவிலுக்கு?"

"கோவிலுக்குப் புடவை இருக்கேடி! எதிர்வீட்டு லலிதாவும் இப்படித்தான். குப்பை வண்டி விசில் கேட்டா இதைச் சுத்திண்டுதான் ஓடறா."

"அப்போ கேள்வித்தாள்ல கோவிலுக்குப் பத்துன்னு போட்டேளே?"

"நீ கோவிலைப் பத்தித்தானே கேட்டே? பால்காரனைப் பத்திக் கேக்கலியே" என்றார். காயத்ரியின் அம்மா சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினார். ராஜம் மாமி மேலும் சொன்னார்: "ஆனா வெள்ளை வேண்டாம். சேறு தெறிக்கறது. அந்தப் பையையும் பெரிசாப் போடு. சில்லறையும் சாவியும் வெச்சுக்கணும்."

வெள்ளி, காலை 10.30

செல்வி அக்காவின் மாடியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கீழே இரும்புக் குழாய்களை இறக்கும் சத்தம். ஆறில் நான்கு பேர் கோவிலுக்கு உடுத்தவில்லை என்று சொன்னேன்.

"முப்பதும் இல்லியா அப்போ?" என்றார்.

"கோவில் முண்டு முப்பது வேண்டாம் அக்கா. வேற மாதிரி பன்னிரண்டு போதும். கலர் துணி. கட்டம் போட்டது. பை பெரிசா."

"நைட்டிக்கு மேல கெட்டத்தானே?"

"எப்படித் தெரியும்?"

செல்வி அக்கா நூலைப் பல்லால் கடித்தார். "எனக்குத் தெரியாதாக்கும்! மார்ச்ல தைக்கும்போதே ஒண்ணு அதிகமா வெட்டி எனக்கு வெச்சுக்கிட்டேன். மிச்சத் துணிதான், கேட்டோ. தெனம் ரேஷன் கடைக்கும் குழாயடிக்கும் அதுதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா!"

"நீ கோவில் கோவில்னு அவ்வளவு ஆசையாச் சொன்னியே மோளே. பின்னே எப்படிச் சொல்ல?"

சாலைக் கடைத்தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினோம். கடைக்காரர்களில் பாதிப் பேர் தமிழிலேயே விலை சொன்னார்கள். கருநீலத்தில் பன்னிரண்டு மீட்டர், காப்பிக்கொட்டை நிறத்தில் பன்னிரண்டு மீட்டர், இரண்டும் சிறு கட்டம். மீட்டர் நூற்றுப் பத்து ரூபாய். பாலராமபுரத்தில் ஒரு நெசவாளரிடம் முப்பது முண்டுக்குச் சொல்லி வைத்திருந்த வெள்ளைத் துணியை வேண்டாம் என்று போனில் சொன்னேன். முன்பணம் வாங்காத மனிதர். "ஓணத்துக்கு வித்துப் போகும், விடுங்க" என்றார். சுருக்கம் போக இருபத்துநாலு மீட்டரையும் செல்வி அக்கா வீட்டுக் கிணற்றடியில் நனைத்து உலர்த்தினோம். நீலமும் பழுப்புமாகத் துணிகள் கொடியில் வழிந்தன. அவற்றுக்கு நடுவே நின்றபோது தெரு மறைந்துபோயிற்று. காற்று வரும்போது மட்டும் துண்டு துண்டாகத் தெரிந்தது.

சனி, மாலை 4.40

ரயிலில் இதை எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு மேஜையில் ஒரே வெட்டில் நூறு அடுக்கு துணி வெட்டுவார்கள். தப்பு நடந்தால் நூறும் தப்பு. செல்வி அக்கா ஒவ்வொன்றாக வெட்டுகிறார். மூன்றாவதை வெட்டும்போது பையை இரண்டு விரல் கீழே இறக்கலாம் என்றார். இறக்கினோம். முதல் இரண்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. எனக்கு என் ஊர் பிடிக்கும், ஆனால் அங்கே இது நடந்திருக்காது. ஜன்னலுக்கு வெளியே மறுபடி காயல். யாரோ வலை வீசிவிட்டு அசையாமல் நிற்கிறார்கள்.

இன்றைய நிலை இது. பன்னிரண்டும் வெட்டியாயிற்று. ஏழு தைத்து முடிந்தது; மீதி ஐந்தை நாளை முடித்துக் காயத்ரி வீட்டில் கொடுப்பதாகச் செல்வி அக்கா சொல்லியிருக்கிறார். நான்கு பேர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எட்டுக்கு இன்னும் ஆள் இல்லை. பெயர்ச்சீட்டு அச்சடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போகிறேன்.