கைதட்டலை வெட்டியவர்

"கைதட்டுறது பாட்டோட சேர்த்தியா, இல்ல பாட்டு முடிஞ்சப்புறம் வர்ற வேற சத்தமா?"

கைரோல்லா மாமா இதைக் கேட்டபோது லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். நான் பெட்டிக்குள், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் சிக்கியிருந்தேன். கதவு திறந்தால் போதும் என்றிருந்தது.

"மெதுவா யோசி கண்ணு. நீ எங்கயும் போயிட முடியாது" என்றார் மேலேயிருந்து.

அல்மாட்டி நகரில் எங்கள் குடியிருப்பின் பதினான்கு கட்டடங்களுக்கும் அவர்தான் லிஃப்ட் மெக்கானிக். வயது அறுபத்தெட்டு. சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும், கால்சட்டைப் பையில் உலர்ந்த ஆப்பிள் துண்டுகள் இருக்கும். சில நாள் இரண்டும் இடம் மாறியிருக்கும். லிஃப்டில் ஏறினால் எல்லோரும் மாடி எண்ணைப் பார்ப்போம். அவருடைய ஆள்காட்டி விரலோ லிஃப்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு மேலே, தொட்டும் தொடாமலும், கடைசி மாடி வரை நிற்கும். ஏன் என்று கேட்டால் "பழக்கம்" என்பார்.

அந்தப் பழக்கம் லிஃப்டில் வந்ததில்லை, டேப் ரெக்கார்டரில் வந்தது.

1977 குளிர்காலத்தில், எதிர் வீட்டு ஜெர்மன் குடும்பத்து வால்டெமார் ஒரு வெளிநாட்டு வானொலியிலிருந்து ஓர் இசை நிகழ்ச்சியைப் பதிவு செய்தார். 'கண்ணாடித் தோட்டம்' என்ற ஆங்கிலேய ராக் குழு லண்டன் மேடையில் வாசித்தது. ஒவ்வொரு பாட்டும் பதினெட்டு நிமிடம், இருபது நிமிடம். பாதி நேரம் யாரும் பாடவே மாட்டார்கள். ஆர்கன் தனியாக எங்கோ போகும், கிட்டார் அதைத் தேடிக்கொண்டு போகும், இரண்டும் திரும்பி வருவதற்குள் தேநீர் ஆறிவிடும். "இது பாட்டா, பரீட்சையா?" என்று என் அப்பா கேட்பார். ஆனாலும் எழுந்து போக மாட்டார்.

வானொலியையும் ரெக்கார்டரையும் இணைக்க வால்டெமாரிடம் வயர் இல்லை. வானொலிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் மைக்கை வைத்துவிட்டார். பாட்டு ஓடும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவருடைய அம்மா ஒட்டிலியாவுக்குக் குளிர்காலம் முழுக்க இருமல். சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். லண்டனில் கைதட்டல் எழுந்ததும் இங்கே வீடு மொத்தமும் மூச்சு விடும். இருமல், நாற்காலி இழுபடும் சத்தம், பேச்சு, சிரிப்பு எல்லாம் வரும். அடுத்த பாட்டு தொடங்கினால் மறுபடி அமைதி.

மறுவாரம் அந்த டேப் ஒரே ஒரு நாளைக்குக் கைரோல்லா மாமாவிடம் வந்தது. அவரிடம் இருந்த வெற்று டேப்போ நீளம் குறைவு. இரண்டு இயந்திரங்களை வயரால் இணைத்துவிட்டு, நிறுத்தும் விசைமேல் விரலை வைத்து உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் அழுத்தினார், அடுத்தது தொடங்கியதும் விட்டார். கைதட்டல் பாட்டு இல்லையே என்பது அவர் கணக்கு. வெட்டியது தெரியாத அளவுக்குச் சுத்தமான வேலை.

குடியிருப்பில் எல்லோரும் அவருடைய டேப்பிலிருந்துதான் பிரதி எடுத்தார்கள். லண்டன்காரர்கள் கைதட்ட மாட்டார்கள் என்றே இங்கே பலர் நம்பி வளர்ந்தார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் முதல் ஞாயிறு பகலில் அவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி அந்த நிகழ்ச்சியை முழுதாகக் கேட்கிறோம். பாட்டு முடிந்தால் யாரும் கைதட்டுவதில்லை, ஆளுக்கு ஒரு வாய் தேநீர் குடிக்கிறோம். அதுவே இங்கே மரியாதை ஆகிவிட்டது.

மூன்றாம் பாட்டின் முடிவில் மட்டும் நான்கு நொடி இரைச்சல் வரும். அந்த இடம் வந்ததும் அவர் தலை குனிவார். "மன்னிச்சுக்குங்க, இங்க கை பிசகிடுச்சு."

பிரதி எடுத்த அன்றைக்கு, கீழ்வீட்டுப் பெண்ணாக இருந்த ரைஹான் அத்தை, பவுர்சாக் என்ற பொரித்த மாவுருண்டைத் தட்டோடு சரியாக அப்போது கதவைத் தட்டினாராம். இப்போது அவர்தான் மாமாவின் மனைவி. "பிசகினது கையா? உண்மையைச் சொல்லுங்க" என்று சமையலறையிலிருந்து வருடம் தவறாமல் கேட்பார்.

போன வசந்தத்தில் ஜெர்மனியிலிருந்து வால்டெமார் போன் செய்தார். அவர் குடும்பம் அங்கே போய் முப்பது வருடம். அவர்கள் அனுப்பிய பெட்டிகளில் ஒன்று போய்ச் சேரவேயில்லை. அதில்தான் அவருடைய டேப் இருந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே ஒட்டிலியா இறந்துவிட்டார். மிச்சம் இருப்பது ஒரு புகைப்படம்.

"அம்மா இருமினது, பேசினது எல்லாம் உன் டேப்புல இருக்குமில்லடா? மே மாசம் வர்றேன். ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்."

"இருக்கு, வா" என்று சொல்லிவிட்டார் கைரோல்லா மாமா. மறுநாள்தான் லிஃப்ட் கூரைமேல் நின்று என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினார். கிடைத்த பழைய டேப் எல்லாம் அவருடையதன் பிரதிகள். எல்லாவற்றிலும் அவர் விரலின் வேலை அப்படியே இருந்தது. "இருவது நிமிஷப் பாட்டுக்கு இடம் இருந்துச்சு. மனுஷி இருமுறதுக்கு இடம் இல்லாமப் போச்சு" என்றார் ரைஹான் அத்தை. மாமா லிஃப்ட் குழிக்குள் நின்று வாய்விட்டு ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். குழி வழியாக ஒன்பது மாடிக்கும் கேட்டது: "வால்டெமார், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

எட்டாம் மாடியிலிருந்து யாரோ பதில் கொடுத்தார்கள்: "நாங்க மன்னிச்சிட்டோம். லிஃப்டை விடுங்க."

வால்டெமார் வந்த சனிக்கிழமை மதியம், பதற்றத்தில் சொந்தக் கட்டடத்து லிஃப்டையே பிரித்துப் போட்டிருந்தார் மாமா. ஏழு மாடி ஏறி வந்த வால்டெமார் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லிஃப்ட்காரன் வீட்டுக்கு நடந்து வந்த மொத ஆளு நான்தான்."

இருவரும் கட்டிக்கொண்டார்கள். பிடியை விடாமலே மாமா சொன்னார்: "வெட்டிட்டேன்டா. டேப் பத்தலை. கைதட்டு வந்த இடமெல்லாம் வெட்டிட்டேன்."

வால்டெமார் மெல்ல விலகி, காலணியோடு அப்படியே உட்கார்ந்தார். ரைஹான் அத்தை ஊற்றிய தேநீரைத் தொடவில்லை.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு தப்பிச்சிருக்கு. நாலு நொடி."

வால்டெமார் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு தானாகவே பேசினார்: "உனக்கப்புறம் ஒருத்தி வாங்கிட்டுப் போனா. பல் டாக்டருக்குப் படிச்ச பொண்ணு. ஜம்பூல் ஊர்க்காரி. அவகிட்ட முழு பிரதி இருந்திருக்கும். பேரு ஞாபகம் வரலை."

மாமா டேப்பை மாட்டி, மூன்றாம் பாட்டின் கடைசிக்கு ஓட்டப் போனார். வால்டெமார் தடுத்தார்.

"ஓட்டாத. பாட்டை மொதல்லேருந்து போடு. அம்மா அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தா. நாமளும் இருப்போம்."

பதினெட்டு நிமிடம். ரைஹான் அத்தை கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. என்னோடு வந்திருந்த என் அம்மா தும்மல் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஆர்கன் போனது, கிட்டார் தேடிப் போனது. இத்தனை வருடம் கேட்ட பாட்டில் அன்றுதான் எனக்கு ஒன்று கேட்டது. வாத்தியங்களுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. அதில் ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் விரல் வழக்கம்போல விசைக்கு மேலே, தொட்டும் தொடாமலும் நின்றது.

பாட்டு முடிந்தது. கொதிக்கும் எண்ணெயில் மாவு விழுந்ததுபோல லண்டன் கைதட்டியது. அதையும் மீறி, மிகப் பக்கத்தில், இத்தனை வருடம் மாமாவின் மன்னிப்பில் மறைந்துபோன ஒரு பெண் குரல் ஜெர்மன் மொழியில் கேட்டது:

"இப்ப இருமிக்கலாமா?"

ஒரு இருமல். ஒரு பையன் சிரிக்கத் தொடங்குகிறான். அங்கே அறுந்துவிட்டது.

அந்தப் பையனுக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு மீதிச் சிரிப்பைச் சிரித்தார்.

அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. யாரும் தேநீரை எடுக்கவில்லை. இந்தத் தடவை மன்னிப்பும் வரவில்லை. கைரோல்லா மாமா விசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, டேப்பைத் தன்போக்கில் ஓடவிட்டார்.

ஜம்பூல் ஊரைச் சேர்ந்த, பல் மருத்துவம் படித்த, இப்போது எழுபதை நெருங்கும் ஒரு பெண்மணி யார் வீட்டிலாவது இருக்கலாம். இதைப் படிப்பவர்கள் அடுத்தவரிடம் சொல்லுங்கள், அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும். சொல்லும்போது எதையும் வெட்ட வேண்டாம்.