மூன்றாம் பக்கத்தில் நான் எழுதிய ‘இல்லை’

போன பள்ளி விடுமுறைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் என் வீட்டு வாசலில் ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். தாயின் கையில் நான்கு பக்க விண்ணப்பப் பாரம்.

ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேடிப் பாரங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கல்வி இலாகாவில், புறப்பாட நடவடிக்கைப் பிரிவில், மாணவர் முகாம்களுக்கு அனுமதி கொடுக்கும் மேசையில் பல்லாண்டு உட்கார்ந்தவன் நான். எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், பஸ் டிரைவரின் லைசென்ஸ் எப்போது முடிகிறது, பக்கத்து கிளினிக் எத்தனை கிலோமீட்டர்... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் தேவாலயச் சபையில் யாருக்குப் பாரம் வந்தாலும் என் கண்ணில் பட்ட பிறகுதான் கையெழுத்து. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. உண்டு என்ன, இருந்தது.

தாயின் பெயர் ரூபி. மகள் பெனிட்டா, பதின்மூன்று வயது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். யார் என்று துருவாதீர்கள். துருவுவீர்கள், தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் சபையும் பக்கத்துச் சபைகள் இரண்டும் சேர்ந்து பெண்பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடத்துகின்றன. ஜெஞ்சாரோம் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு விடுதி. நான்கு பகல், மூன்று இரவு. வேதபாடம், பாட்டு, விளையாட்டு, ஒருநாள் மொரிப் கடற்கரை.

பெற்றோர் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பெற்றோர் என்னவெல்லாம் கேட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்?

“ஏர்கோன் இருக்கா டீச்சர்?”

“என் பிள்ளை சார்டின் தொடாது லா. நாசி கோரெங் ஏதாச்சும் போடுவீங்களா?”

“போட்டோ டெய்லி குரூப்ல வருமா?”

பிள்ளைகளின் அறையில் இரவு எந்தப் பெரியவர் படுப்பார், சாவி யாரிடம், மருந்து யார் கையில் — யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். மதிய சாப்பாட்டைத் தாமதப்படுத்துகிறவனைப் பார்ப்பதுபோல் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முகாமை நடத்தும் கிரேஸ் டீச்சர் மட்டும் நோட்டைப் பார்க்காமலே பதில் சொன்னார். அறைக்குப் பதினைந்து பிள்ளைகள், இரண்டு பெண் ஆசிரியர்கள். எல்லா மருந்தும் பதிவு மேசையில் ஒப்படைக்க வேண்டும். வைட்டமினாக இருந்தாலும் சரி. எனக்குத் திருப்தி. முகாமில் குறை இல்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். குறை பாரத்தில் வரப்போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

என் வீட்டு மேசையில் முதல் இரண்டு பக்கங்கள் சுலபமாக முடிந்தன. மூன்றாம் பக்கம் — நோய் விவரம். ஆஸ்துமா, ஒவ்வாமை, இதயம், வலிப்பு... ‘ஆம்’ என்றால் டாக்டர் கடிதம் இணைக்கவும்.

நான் வாசித்துக்கொண்டே வந்தேன். வலிப்பு என்றதும் ரூபி மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

“இருக்கா?”

“ஏழு வயசுல வந்தது அங்கிள். இப்ப மாத்திரைல நல்லா கன்ட்ரோல். ரெண்டு வருஷமா ஒண்ணும் இல்ல.”

“அப்படின்னா ஆம்னு போடணும்.”

“போட்டா டீச்சருக்குத் தெரியும். அப்புறம் பாஸ்டரம்மாவுக்கு. ‘பிள்ளைக்காக ஜெபிங்க’ன்னு ஜெபக் குரூப்ல போட்ருவாங்க. கிள்ளான் முழுக்கப் போயிரும் அங்கிள். நாளைக்கு இவள யாரு கட்டுவா?”

பதின்மூன்று வயது. மாப்பிள்ளை கவலை.

சிரிக்காதீர்கள். ஜெபக் குரூப்பைப் பற்றி ரூபி சொன்னது உண்மை. நம் ஆட்களிடம் ஒரு நோயைச் சொல்லிவிட்டால் அது ஜெபமாகப் புறப்பட்டு, கல்யாணப் பேச்சு வீடுகளில் போய் இறங்கும். கோயிலுக்குப் போகிறவர்கள் வீட்டில் மட்டும் வேறு மாதிரியா? அங்கே ஜெபக் குரூப் இல்லை, அவ்வளவுதான்.

பெனிட்டா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அங்கிள், என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் போறாங்க.”

மறுநாள் பாரம் கொடுக்கக் கடைசி நாள். ஸ்பெஷலிஸ்ட் கடிதம் வாங்க எத்தனை வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ‘ஆம்’ என்று எழுதினால் பிள்ளை போக முடியாது. அந்த முகத்தைப் பார்த்தேன்.

‘இல்லை’ என்று எழுதினேன். இதே பொய்க்காக எத்தனை பாரங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்? கணக்கில்லை. இதை மட்டும் என் கையால் நிரப்பினேன்.

மாத்திரைகளை ரூபி டிஷ்யூவில் சுற்றி மகளின் காலுறைக்குள் வைத்து அனுப்பினார். காலையும் மாலையும் ஒவ்வொன்று. யார் கண்ணிலும் படக்கூடாது.

மூன்றாம் நாள் காலை ரூபியிடமிருந்து போன். பாட்டு நேரத்தில் பெனிட்டா விழுந்துவிட்டாளாம். ஆம்புலன்சில் ஏற்றுகிறார்களாம். ரூபியின் கணவர் துறைமுகத்தில் கிரேன் மேல் இருந்தார். நான் காரை எடுத்தேன்.

வழியில் ரூபி அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அங்கிள், டாக்டர்கிட்ட முந்தியே இருக்குன்னு சொல்லித்தான் ஆகணுமா?”

“ஆமா.”

“டீச்சர் பக்கத்துல நிப்பாங்களே...”

வேகத்தைக் கூட்டினேன்.

அவசரப் பிரிவில் பெனிட்டாவுக்கு வலிப்பு இரண்டாவது முறையும் வந்துவிட்டிருந்தது. டாக்டர் ஓர் இளம்பெண். வெளியே வந்து முன்பு ஏதாவது உண்டா, என்ன மருந்து என்று கேட்டார். கிரேஸ் டீச்சர் ஃபைலைத் திறந்து மூன்றாம் பக்கத்தைக் காட்டினார்.

“ஒண்ணுமே இல்லன்னு போட்டிருக்கு டாக்டர்.”

மூளைக் காய்ச்சலாக இருக்கலாம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ரூபி சுவரைப் பார்த்து நின்றார்.

நான் சொன்னேன். நோயின் பெயரையும் எப்போதிலிருந்து என்பதையும். மருந்தின் பெயரை ரூபி பிறகுதான் சொன்னார், முணுமுணுப்பாக. டாக்டர் உள்ளே ஓடினார்.

கிரேஸ் டீச்சர் பாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். சபைக் கூட்டக் குறிப்புகளை எழுதுகிறவன் நான்தான்.

“உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?”

“தெரியும்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார்.

“நேத்து மொரிப்புல எல்லாரையும் தண்ணில இறக்கினேன் அங்கிள். இந்தப் பிள்ளை கழுத்தளவுல நின்னுச்சு.”



சாயங்காலம் பெனிட்டாவுக்கு நினைவு தெளிந்தது. மாத்திரை ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள்.

“ஃபர்ஸ்ட் நாள் பாத்ரூம்ல போடப் போனேன் அங்கிள். வெளிய கியூ. தட்டிட்டே இருந்தாங்க. பயத்துல கை நழுவி மாத்திரை தண்ணி போற ஓட்டைல போயிருச்சு. அப்புறம் ரூம்ல எப்பவும் யாராச்சும் இருந்தாங்க. அம்மா யார் முன்னாலயும் போடக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல... தனியா இருக்கற நேரமே கிடைக்கல.”

பெற்றோரே, பெண்பிள்ளைகள் முகாமைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அதுதான். அங்கே தனிமை கிடையாது. உடுத்துவது, படுப்பது, குளிக்கக் காத்திருப்பது எல்லாம் பதினைந்து பேரோடு. மறைத்துச் செய்யச் சொல்லி எதைக் கொடுத்து அனுப்பினாலும் பிள்ளை அதைச் செய்யாது.

சரி, விழுந்தபோது என்ன நடந்தது? அதையும் கேட்டு வைத்தேன். பழைய புத்தி.

சமையலுக்கு வந்திருந்த ஓர் ஆன்டி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாராம், கையில் இரும்பு கொடுக்க. இன்னொருவர் பல்லுக்கு நடுவே கரண்டி வைக்கப் போனாராம். இருவரையும் தடுத்தது ஒரு பதினான்கு வயதுப் பெண். ரெபெக்கா. பெனிட்டாவுக்குப் பக்கத்துக் கட்டில்காரி, பள்ளியில் முதலுதவிப் படையில் இருக்கிறவள்.

“ஆன்டி, ஒண்ணும் வைக்காதீங்க. தள்ளி நில்லுங்க. யாராச்சும் டைம் பாருங்க.”

பெனிட்டாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் சுவெட்டரைத் தலைக்குக் கீழே கொடுத்து, எத்தனை நிமிடம் என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் அவள்தான் சொன்னாளாம்.

பிள்ளை வீடு திரும்பி ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். ரூபி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

“லோ சுகர், மயக்கம்னு சொல்லி வச்சிருக்கோம் அங்கிள். யாருக்கும் தெரியாது. நீங்களும் அப்படியே சொல்லுங்க.”

உள்ளே ரெபெக்கா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்களும் ஒரே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரூபி மைலோவோடு வந்தபோது ரெபெக்கா தலையைக்கூட நிமிர்த்தாமல் பெனிட்டாவைக் கேட்டாள்.

“மாத்திரை போட்டியா?”

“இன்னும் இல்ல.”

“போடு லா. மைலோ இருக்குல்ல.”

பெனிட்டா எழுந்து போய் எடுத்துவந்து, எங்கள் எல்லார் முன்னாலும் விழுங்கினாள். சாதாரணமாக... ஒரு மிட்டாயைப் போல. ரூபி தட்டைப் பிடித்தபடி நின்றார்.

முகாமில் அவளோடு ஒரே அறையில் இருந்த பதினான்கு பிள்ளைகளுக்கும் தெரியும். ஒன்றுகூட வெளியே சொல்லவில்லை. குரூப்பில் இன்றுவரை அது ‘லோ சுகர்’தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக வேறு எதையாவது பற்றி எழுதியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் சபைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தேன். இப்போது சுபாங் ஜெயாவில் ஒரு சபைக்குப் போகிறார்களாம். ரெபெக்காவின் நம்பரை மகளின் போனிலிருந்து ரூபி அழித்துவிட்டாராம்.

“அங்க நம்மள யாருக்கும் தெரியாது அங்கிள். பிள்ளைக்கு அதுதான் சேஃப்.”

அந்தச் சபையிலும் முகாம் உண்டு. அங்கே பெனிட்டாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் யார் படுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.