வெங்கிட்டுவின் மூக்கும் அம்முவின் ஆர்க்கிட்டும்

என் கணவர் வெங்கிட்டு மூக்கை வைத்தே பிழைத்தவர். கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் வேலை. மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து, பூசணம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். ரிட்டயர் ஆனதும் அந்த மூக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிடித்தது எனக்குச் சனி. மோர் கொஞ்சம் புளித்தால் முகம் கோணும். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் சன்னலைச் சாத்திவிட்டு, நான் பொரித்த மாதிரி என்னை முறைப்பார். மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு மீன் நாற்றம் ஆகாதாம்!

எங்கள் ஒரே மகள் அம்மு இடக்கொச்சிக்காரன் சுதீரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் மூன்று வேளையும் மீன். "அந்த நாத்தத்துக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்" என்றார். மூன்று வருஷமாக வைக்கவில்லை. பேரன் பிறந்து நாலு மாதம் தாண்டிவிட்டது, அவனையும் பார்க்கவில்லை. நான் செவ்வாய்தோறும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு இடக்கொச்சி பஸ் ஏறுவேன். வாடை தெரியாமலிருக்கப் புடவை மடிப்பில் கற்பூரம் முடிந்துகொள்வேன். என் வீட்டுக்குள் நானே திருடி மாதிரி நுழைவது எனக்கே அசிங்கமாக இருக்கும்.

அடுத்த மாதம் குழந்தைக்குச் சோறூட்டு. தாத்தா மடியில் வைத்துத்தான் முதல் வாய் கொடுப்பேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று அம்மு பிடிவாதம். போனில் சொன்னாள் என்று இவரிடம் சொன்னேன். மனுஷர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மாடியில் அம்மு விட்டுப்போன ஆர்க்கிட் இருந்தது. தினமும் குளித்துவிட்டு வந்து, துளசிக்கு ஊற்றுவது போல அதற்கும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார். மழைக்காலத்திலும் விடவில்லை. அன்று மேலே போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"லதா, செடி அழுகறது."

போய்ப் பார்த்தேன். தொட்டியைத் தூக்கினால் தேங்காய்நார் கருத்துக் கொழகொழவென்று கையில் வந்தது. வேரெல்லாம் சளி. நடுவில் குட்டி நத்தைகள். ச்சை!

அவரோடு கிடங்கில் வேலை பார்த்த முகமது இஸ்மாயில் வீட்டில் ஆர்க்கிட் நிறைய உண்டு. அவரைக் கூப்பிட்டோம். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சாமி, இது என்ன துளசியா? டெய்லி தண்ணி ஊத்திக் கொன்னு போட்டீங்களே."

அழுகிய வேர்களை பிளேடால் வெட்டினார். வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைப் பொடி தடவி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, கரியிலும் உடைந்த ஓட்டிலும் நடச் சொன்னார். இவர் அப்படியே செய்தார். சொம்பைத் தொடக் கூடாது என்று நானும் காவல் இருந்தேன். மூன்று வாரத்தில் பச்சை நுனியோடு ஒரு வேர் எட்டிப் பார்த்தது.

அதற்கு உரம் என்று இஸ்மாயில் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். மத்தி மீனையும் வெல்லத்தையும் அடைத்து ஊறவைத்த சாறு. "ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன், சாமி. வேணாம்னா விடுங்க. ஆனா பூ வேணும்னா இதுதான்."

"நான் தொட மாட்டேன்" என்றேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் பாட்டில் மாடிப்படியில் கிடந்தது. மூன்றாம் நாள் அவரே திறந்தார். புஸ்ஸென்று பொங்கி, கை, வேட்டி எல்லாம் வழிந்தது. செத்த கடல் வீட்டுக்குள் வந்த மாதிரி ஒரு நாற்றம். அந்தக் கையோடு நின்று, ஒரு ஸ்பூன் அளந்து, கலக்கி, வேருக்குத் தெளித்துவிட்டுத்தான் கீழே வந்தார். சோப்பு போட்டார், புளி தேய்த்தார், காபிப் பொடி தேய்த்தார். போகவில்லை.

குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தயிர்சாதத்தைத் தொடவில்லை. விரலை முகர்ந்தார், திரும்பவும் முகர்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை உன் புடவைல இதே மணம்தான் வரும்" என்றார். "மத்தியும் கற்பூரமும்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் செவ்வாய்லேர்ந்தே." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இப்போ அஞ்சு மாசமா பால் மணமும் சேர்ந்து வரது. குழந்தையோடதாக்கும்."

எனக்கு வந்த அருவருப்பைச் சொல்லி முடியாது. ஐந்து மாதமாகப் பேரனை என் புடவையில் முகர்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார் இந்த மனுஷர். நானும் ஒன்றும் தெரியாதவள் போலக் கற்பூரம் முடிந்திருக்கிறேன். தூ, நாங்களும் ஒரு தாத்தா பாட்டி.

அவர் அந்தக் கையாலேயே சாதத்தைப் பிசைந்தார்.

"சோறூட்டு எத்தனை மணிக்கு?" என்றார்.