சட்டை போட்ட கணினிகள்

சாமளாபுரத்தில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி யூனிட் நடத்தும் என் அக்கா சாரதாமணிக்கு எந்தப் பொருளும் அம்மணமாக நிற்கக் கூடாது. மிக்ஸி, தையல் மெஷின், டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் மிஞ்சிய பனியன் துணியில் உறை தைத்துவிடுவாள். பஞ்சு பறக்கிற ஊர். குறை சொல்லவும் முடியாது.

போன மாதம் ஒரு கம்பெனி, குழந்தைச் சட்டையில் போட வாத்துக்குஞ்சுப் படம் ஒன்றை அனுப்பியிருந்தது. சாயங்காலத்துக்குள் சாம்பிள் போனால் சீசன் ஆர்டர் அக்காவுக்கு. இல்லையென்றால் பல்லடத்து யூனிட்டுக்கு. ஆர்டர் கைவிட்டுப் போனால் மெஷின் ஓட்டும் மெஹ்ஜபினை வேலையிலிருந்து நிறுத்த வேண்டிவரும். அந்தப் பயம்தான் அக்காவுக்கு.

படத்தைத் தையலாக மாற்றுவது கணினியில். அவளிடம் மூன்று இருந்தன: பல்லடத்தில் உதிரி வாங்கிப் பூட்டிய பழசு, இந்த வருஷம் வாங்கிய பிராண்டட், டென்மார்க்கில் வேலை பார்க்கும் நான் கொடுத்தனுப்பிய லேப்டாப்.

அன்று மதியம் என்னை அழைத்தாள். புதியது பாதியில் அணைந்துவிட்டதாம். லேப்டாப்பும் அப்படியேதானாம்.

"எதைக் கண்ணு நம்பறது? நீதான் படிச்சவனாச்சே."

ஆபீஸ் வேலையை அப்படியே போட்டுவிட்டு, எந்தக் கணினி எத்தனை காலம் உழைக்கும் என்று ஆங்கிலத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஒருவர் புகழ்ந்ததை இன்னொருவர் திட்டியிருந்தார். பழைய அசெம்பிள்டை நம்பாதே என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. அதையே அக்காவிடம் சொன்னேன். அவள் புதியதையே போட்டுப் பார்க்க, அது மறுபடி அணைந்தது.

வீடியோவில் காட்டச் சொன்னேன். புதிய பெட்டிக்கு, பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் இறுக்கமாக ஒரு சட்டை, கழுத்துப்பட்டையோடு. ஒயர் போக மட்டும் ஓட்டை. லேப்டாப்புக்கு அடியில் வெட்டுத்துணி மெத்தை. காற்றுப் போகிற துளை ஒன்றுகூடத் திறந்தில்லை.

"அதுக்கு மூச்சு முட்டுதுங்க்கா."

"பழசுக்குந்தான சட்டை போட்டிருக்குது?"

போனைத் திருப்பினாள். பழசின் சட்டை துவைத்ததில் சுருங்கி, குல்லாய் மாதிரி உச்சியில் உட்கார்ந்திருந்தது. பின்னாலிருந்து மெஹ்ஜபின் குரல்: "பெரியவருக்குச் சட்டை பத்தலீங்க்கா. அதான் ஒழுங்கா வேலை செய்யறாரு."

புதியதன் சட்டையைக் கழற்றி ஆறவைப்பதா, பழசில் ஆரம்பிப்பதா? இரண்டுமே எனக்குப் பயமாக இருந்தது. நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அக்கா பழசின் முன் உட்கார்ந்துவிட்டாள். அது இரைந்துகொண்டே வாத்தை முடித்தது. சாம்பிள் நேரத்துக்குப் போய், ஆர்டரும் வந்தது. மெஹ்ஜபின் இருக்கிறாள்.

சட்டை கழற்றிய புதியது சில நாள் ஒழுங்காக ஓடியது. நேற்று மறுபடி அணைந்ததாம். திறந்தால் உள்ளே மஞ்சளும் நீலமுமாகப் பஞ்சு.

"சட்டை போட்டா மூச்சு முட்டுது, கழட்டுனா பஞ்சு ஏறுது. பழசுக்கு மட்டும் ஏங் கண்ணு ஒண்ணும் ஆகறதில்ல?"

அதே கட்டுரைகளை மறுபடி திறந்து வைத்திருக்கிறேன். பஞ்சைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். அக்கா இதற்குள் புதியதுக்கு இன்னொரு சட்டை தைத்து, சுருங்கட்டும் என்று நன்றாகத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.