சிவப்பைப் பச்சையாக்கிய சுமந்த்

சுமந்த் என்ற பெயரை முதன்முதலில் பொன்னம்மை வாயால்தான் கேட்டேன். பழவங்காடிக்குப் பக்கத்து வங்கிக் கிளையில் இருபத்தாறு வருஷமாகப் பெருக்கித் துடைக்கிறவள் அவள். "புதுசா ஒரு சார் வந்திருக்காரு, கேட்டியளா! ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு வயசு கேக்காரு, ஊரு கேக்காரு, கல்யாணம் ஆச்சான்னு கேக்காரு. பெண்ணு பாக்க வந்தவராக்கும்னு நெனச்சேன்" என்றாள். விசாரித்தால், என் ஓர்ப்படியின் கடைசித் தம்பி மகன். ஆட்கள் வேலையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் உத்தியோகமாம்.

போன வருஷம் அந்தக் கிளையில் நாலு பேர் கழன்றுகொண்டார்கள். மார்ச்சுக்குள் இன்னும் யாராவது போனால் சுமந்தின் வேலையே சந்தேகம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதனால் மாதம் பிறந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்குப் பன்னிரண்டு தேங்காய் உடைப்பான். மிச்சமிருக்கும் ஆள் ஒன்றுக்குத் தேங்காய் ஒன்று.

பிள்ளையாரை மட்டும் நம்பாமல் கையில் ஒரு தாளும் வைத்திருந்தான். முப்பத்தைந்துக்குள் வயது, கல்யாணம் ஆகவில்லை என்றால் பெயருக்கு மேல் சிவப்பு, பறந்துவிடுவார்கள். கல்யாணமோ வீட்டுக்கடனோ பள்ளிக்கூடப் பிள்ளையோ இருந்தால் பச்சை. சிவப்புக்காரர்களுக்குப் பிறந்தநாள் கேக், பெயர் போட்ட காப்பிக் கோப்பை. பச்சைக்காரர்களுக்கு ஒன்றும் கிடையாது. "அவாளுக்கு எதுக்கு மாமி? எங்க போகப்போறா?" என்பான்.

"நம்ம கலரு எந்தா சாரே?" என்று பொன்னம்மை கேட்டாளாம்.

"சேச்சி கான்ட்ராக்ட் அல்லே? தாள்ல வரமாட்டேள்."

சுமந்துக்கே முப்பத்தோரு வயது, கல்யாணம் ஆகாதவன், வாடகை அறை. "உன் கலர் என்னடா?" என்று நானும் கேட்டேன். "நான் தாள் எழுதறவனாக்கும், மாமி" என்று சிரித்தான்.

ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கேஷ் கவுண்டர் மீராவும் கடன் பிரிவு ஜெயந்தும் சிவப்பு, ஒருவரையொருவர் பிடித்துமிருக்கிறது, முடித்துவைத்தால் ஒரே அடியில் இரண்டு பச்சை. இரண்டு குடும்பத்துக்கும் ஒத்துவருமா என்று கேட்டான். மீராவின் அப்பா வழி கல்லிடைக்குறிச்சி, ஜெயந்தின் அம்மா வழி வீரவநல்லூர், கோத்திரம் வேறு வேறு, மூன்று தலைமுறையில் சண்டை எதுவும் இல்லை. சொன்னேன். "உங்க பேங்குக்கு மேனேஜர் எதுக்குடா, ஒரு சாஸ்திரிகள் போதுமே" என்றும் சொன்னேன்.

கல்யாணம் நடந்தது. பந்தியிலேயே தாளை எடுத்து இருவருக்கும் பச்சை அடித்துவிட்டு, பால் பாயசம் மூன்று தரம் கேட்டு வாங்கினான்.

திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து கடிதம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கிளையில் இருக்கக் கூடாது. மீரா காசர்கோட்டுக்குப் போக வேண்டும். அந்த விதியை அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்தவனே சுமந்த்தான். "கல்யாணம் பண்ணிண்டது தனித்தனியா இருக்கவா, சார்?" என்று மீரா கேட்டாளாம். சாயந்தரத்துக்குள் இரண்டு பேரும் ராஜினாமா.

அடுத்த மாதம் முதல் தேதி பழவங்காடியில் அவனைப் பார்த்தேன். பத்துத் தேங்காய் வைத்திருப்பான் என்று நினைத்தேன். ஒன்றுதான் இருந்தது. கண்ணை மூடி, தன் பெயரையும் நட்சத்திரத்தையும் முணுமுணுத்து, ஓங்கி உடைத்தான்.

பொன்னம்மை அதே கிளையில் பெருக்குகிறாள். சுமந்த் இப்போது கொச்சியில், வேறொரு வங்கியில், ஆட்கள் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறான்.