ஊட்டியில் சேமித்த மழை

எங்கள் கலைமணி டீச்சருக்கு வாய் அதிகம். எட்டு வருடமாக அவரோடு சேர்ந்து சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சொந்த ஊரான மல்லசமுத்திரத்துப் பேச்சு பேசும் அந்த வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. இந்த ஆவணியில் பார்த்துவிட்டேன்.

ஐந்தாம் வகுப்புப் பாடங்களைச் செல்போனில் பேசி வீடியோவாகப் பதிவு செய்து, ஒரு செயலியில் ஏற்றுவது அவர் வேலை. எங்கள் வகுப்புக் கௌசிக்குக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும். புத்தகத் தமிழ் காதில் விழுந்தால் போனைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடுவான். அவனுக்காகவே டீச்சர் ஊர்ப்பேச்சில் நடத்தினார்.

"சாமி, மழ உளுந்து ஓடற தண்ணிய நம்மூட்டுலயே சேத்து வைக்கோணும்."

பையன் உட்கார்ந்து கேட்டான். எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அதே வகுப்பு அஃபீபாவுக்குக் காது கேட்காது. குமாரபாளையத்தில் துணிக்கடை வைத்திருக்கும் சைபுல்லாவின் மகள். வீடியோவின் அடியில் ஓடும் எழுத்துதான் அவளுக்குப் பாடம். பேச்சைக் கேட்டு அதை எழுதுவது எந்திரம். என்ன எழுதுகிறது என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் பார்க்கவில்லை. எங்களுக்குத்தான் காது கேட்கிறதே!

செயலியில் வந்த தேர்வில், மழைநீரை எங்கே சேமிக்கலாம் என்று ஒரு கேள்வி. 'ஊட்டியில். உளுந்தும் சேர்க்க வேண்டும்' என்று அஃபீபா எழுதியிருந்தாள். பாவி நான், முதலில் சிரித்துவிட்டேன். பிறகு எழுத்தோடு வீடியோவை ஓட்டிப் பார்த்தோம். டீச்சர் சொன்ன 'நம்மூட்டுல', வீடாக இல்லாமல் 'நம் ஊட்டியில்' என்று ஓடியது; விழுந்த மழை உளுந்தாகவே நின்றது. பாடம் முழுக்க அப்படித்தான் இருந்தது. தப்பு விடைகளை எண்ணிப் பார்த்த செயலி, அவளை மூன்றாம் வகுப்புப் பாடத்துக்கு இறக்கிவிட்டிருந்தது.

டீச்சர், செயலியை நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டார்.

"ஏத்துன வீடியோவுல எழுத்தத் திருத்த முடியாதுங்க மேடம். இனிமே புத்தகத் தமிழ்லயே பேசுங்க."

"அப்பறம் கௌசிக் என்னுங்க பண்ணுவான்?"

"ஒரு பாடத்துக்கு ஒரு வீடியோதாங்க."

"எறக்குன புள்ளயவாச்சும் ஏத்தி உடுங்க."

"அது தானா நடக்கறதுங்க. எங்க கையில ஒண்ணுமில்லீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைப் பிடுங்கிக் கத்தினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் குமாரபாளையம் போனோம்.

"ஏனுங்க டீச்சர், புள்ள நல்லாத்தானுங்களே படிச்சுது?" என்றார் சைபுல்லா.

அஃபீபா தன் நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள். வீடியோவில் ஓடிய எழுத்தையெல்லாம் ஒருவரி விடாமல் அழகாகப் பார்த்து எழுதியிருந்தாள். 'ஊட்டி' என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பில் கோடு வேறு. பென்சிலை எடுத்துக் கீழே எழுதினாள்:

'நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன்?'

பென்சிலை டீச்சரிடம் நீட்டினாள். கலைமணி டீச்சர் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.